சுட்ட சோளமும் நீரிழிவும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால், "டாக்டர், சுட்ட சோளம் சாப்பிடலாமா?" என்னும் கேள்வி புறநோயாளர் பிரிவில் தவறாமல் எழும். சாப்பிடலாம். ஆயினும், மக்காச்சோளம் உணவுக்கணக்கில் காய்கறியன்று, தானியம். நடுத்தரக் கதிர் ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து உண்டு. மாலையில் கதிர் உண்டவர் இரவில் ஓர் இட்லியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தோகையையும் நாரையும் நீக்கி, மிதமான தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டால் பத்து நிமிடங்களில் பதமாகும். கருகிய மணிகளை உதிர்த்துவிடுங்கள். இரத்த அழுத்தம் உடையோர் உப்பை விடுத்து, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் மட்டும் தேய்த்துக்கொள்ளலாம். நானும் அவ்வாறே உண்கிறேன், சுவை குறைவதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. நெடுநாள் நீரிழிவால் விரல்களில் உணர்வு மங்கியவர்கள் சூட்டை அறியமாட்டார்கள். காம்பைக் கையால் பிடித்துச் சுட்டு, கொப்புளம் எழுந்த பின்னரே அதைக் கண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்புண் ஆற நாளாகும். ஆகவே இடுக்கியால் திருப்புங்கள். சூடு தணிந்ததா என்பதை வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே கதிரை வாங்குங்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்நீரில் 20 நிமிடங்கள் கையைக் காட்டுங்கள். பற்பசை தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், வலி இல்லாவிடினும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.