சதுக்கத்தில் சற்று உட்கார்

அட்லாண்டா
பிப்ரவரி 22

அன்புள்ள மருமகள் கயலுக்கு,

அத்தை எழுதுவது. மார்ச் விடுமுறையில் அறைத்தோழியோடு ஜார்ஜியாவின் சவானாவுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். அதைக் கேட்டு உன் அப்பா, "1733-இல் உண்டான ஊர் எல்லாம் ஒரு பழைய ஊரா? நம் மதுரைத் தெப்பக்குளம் அதைவிடப் பழசு" என்று சிரித்தானாம். கணக்கு சரிதான். அந்தக் கணக்கை நம்பித்தான் நானும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று போய், ஒரு நல்ல சிநேகிதத்தைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

பத்து வருடம் இருக்கும். என்னோடு வேலை பார்த்த தோழி கூட வந்தாள். அவளுடைய முன்னோர்கள் அந்தக் கடற்கரைப் பக்கம் அடிமைகளாக இருந்தவர்கள். நான் பதினோரு இடங்களுக்குப் பட்டியல் போட்டு, அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓவன்ஸ்-தாமஸ் மாளிகையின் பின்கட்டில் அடிமைகள் தங்கிய இடம் இருக்கிறது. கூரையில் அந்தக் காலத்து நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆவி அண்டாமல் இருக்கப் பூசியது என்பார்கள். அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எங்கள் நாட்டிலும் சாதி என்று ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் வெளியே போய்விட்டாள். அட்லாண்டா வரும்வரை நாலு மணி நேரம் காரில் ரேடியோ மட்டும்தான் பேசியது. ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: "அங்கே நான் என் பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். நீ குறுக்கே புகுந்தாய்."

உன் அறைத்தோழியின் பாட்டியும் ஜார்ஜியாக்காரர் என்றாய். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில், பட்டியலைக் கிழித்துப் போடு. ஓகில்தார்ப் என்பவர் அந்த ஊரைச் சதுக்கம் சதுக்கமாக வகுத்தார். பிறகு வளர்ந்து 24 ஆன சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஓக் மர நிழல், உட்காரப் பெஞ்சு. கிளையில் சடைசடையாகத் தொங்குவதைப் பாசி என்பார்கள். உண்மையில் அது அன்னாசி இனத்துச் செடி. கீழே கிடப்பதை அள்ளித் தலையில் வைத்துப் படம் எடுக்காதே, கடிக்கும் பூச்சி இருக்கும். ஒரு நாளைக்கு நாலு சதுக்கம் போதும்.

உட்கார்ந்தால்தான் சில விஷயம் கண்ணில் படும். ரைட் சதுக்கத்தின் நடுவில் ரயில் கம்பெனி முதலாளி ஒருவரின் நினைவுச்சின்னம் உயரமாக நிற்கிறது. வெள்ளையர் குடியேற இடம்கொடுத்த பூர்வகுடித் தலைவர் டோமோசிச்சியை 1739-இல் அந்தச் சதுக்கத்தில்தான் மரியாதையோடு புதைத்தார்கள். 1883-இல் அவர் சமாதி இருந்த இடத்தில் இதை எழுப்பிவிட்டார்கள். அவருக்கு ஓரத்தில் ஒரு பாறாங்கல், அதுவும் 1899-இல்தான் வந்தது. அதே போல, ஜார்ஜியாவில் தொடக்கத்தில் அடிமை வைக்கத் தடை இருந்தது. 1751-இல் அதை எடுத்துவிட்டார்கள். அழகான மாளிகை எதைப் பார்த்தாலும், கட்டிய கை யாருடையது என்று மனசுக்குள் கேட்டுக்கொள்.

ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் இருக்கும் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம் அடிமைகள் தங்கள் கையாலேயே எழுப்பியது. பகல் வேலை முடிந்தபின் கட்டினார்களாம். தரைப்பலகையில் சின்னச் சின்னத் துளைகள் கோலம் போல இருக்கும். தப்பி வந்தவர்கள் அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட வைத்தவை என்று அங்கே சொல்வார்கள். அங்கே தோழியை முன்னால் விடு. விளக்கம் சொல்ல வழிகாட்டி இருக்கிறார். அவளிடம் கேட்டுக் குடையாதே. போகலாம் என்று அவள் சொன்னால் உடனே எழுந்துவிடு, டிக்கெட் காசு போனால் போகட்டும்.

மாடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு இருக்கிறது. உள்நாட்டுப் போரில் ஊரைப் பிடித்த தளபதி ஷெர்மன் தங்கிய வீடு. 1865 ஜனவரி 12 அன்று கறுப்பினப் போதகர்கள் 20 பேர் அங்கே அவரைச் சந்தித்தார்கள். பணம் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட காரிசன் ஃபிரேசியர் அவர்கள் சார்பில் பேசினார். சொந்தக் காலில் நிற்க எங்களுக்கு நிலம் வேண்டும் என்றார். நாலே நாளில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்க உத்தரவு வந்தது. அந்த வருடமே புதிய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். அந்த வாசலில் அவள் பேசாமல் நின்றால் நீயும் பேசாமல் நில்.

அழுதுகொண்டே சுற்றச் சொல்லவில்லை. அவளுக்கும் இது விடுமுறைதான். ஆற்றங்கரைத் தெருவில் கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றிவந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள், படிகளும் செங்குத்து. தட்டைச் செருப்பு போட்டுக்கொள். லியோபோல்ட்ஸ் 1919-இல் தொடங்கிய ஐஸ்கிரீம் கடை, வரிசை நீளம் என்றாலும் நில்லுங்கள். சிரித்துப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. மார்ச் 17-ஐ ஒட்டிப் போகாதே. செயின்ட் பாட்ரிக் திருநாள் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, பெஞ்சும் கிடைக்காது.

கார் அவளுடையது என்றாய். பெட்ரோல் போடும்போது நீ முந்திக்கொள். திரும்பும் வழியில் ரேடியோவை அவளே வைக்கட்டும்; அணைக்க வேண்டும் என்றாலும் அவளே அணைக்கட்டும்.

அன்புடன்,
அத்தை