ஸ்டாப் என்பது பெயரா, வினையா?

கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் 'சேஞ்ச் இல்லையா?' என்று கேட்டால் அது சில்லறை, பெயர்ச்சொல். 'சீர்காழியா? சிதம்பரத்துல பஸ் சேஞ்ச் பண்ணிக்கோங்க' என்றால் அதே சொல் செயலைக் குறிக்கிறது. 'ஸ்டாப்புல இறங்கு', 'வண்டிய ஸ்டாப் பண்ணு' என்பதும் அப்படியே. தினமும் இப்படிப் பேசும் மாணவர்கள், 'ஸ்டாப்' வினை என்று மனப்பாடம் செய்துவிட்டு, ஆங்கிலக் கேள்வித்தாளில் அது பெயராக வரும்போது தடுமாறுகிறார்கள். தமிழில் கடன் சொல்லுக்குப் பின்னால் 'பண்ணு' வந்து வினையின் பாரம் முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் துணை இல்லை. சொல் தனியாகவே இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், குழப்பம் தொடங்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பெயர் என்பது பொருளின் பெயர், வினை என்பது செயல் என்று பொருளை வைத்து விளக்குவது பள்ளி வழக்கம். தொல்காப்பியர் வினையைப் பிரிப்பது வேறு விதம்: அது வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தைக் காட்டும். அதாவது, சொல் வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார். இந்தச் சோதனையை ஆங்கிலத்துக்கும் வைக்கலாம். முன்னால் 'எ', 'தி', 'மை' நின்றால் பெயர். 'டு', 'கேன்', 'மஸ்ட்' நின்றால் பெரும்பாலும் வினை. 'ஸ்டாப்டு' என்று இறந்தகாலம் ஏறினாலும் வினைதான். ஆனால் கடைசியில் வரும் 'ஸ்' ஏமாற்றும். 'டூ ஸ்டாப்ஸ்' என்பதில் அது பன்மை, 'இட் ஸ்டாப்ஸ்' என்பதில் நிகழ்கால விகுதி. அதனால் வாலைப் பார்ப்பதற்கு முன் முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கச் சொல்வேன்.

தமிழிலும் 'அடி', 'படி' இரண்டுமாக வருகின்றனவே, பிறகு ஏன் நமக்கு இது கடினம் என்று கேட்கலாம். வருகின்றன, 'அடி விழுந்தது' என்பதில் உள்ள அடிக்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணத்தில் பெயரே உண்டு. ஆனால் நம் வினைப்பகுதி வினையாக வரும்போது பெரும்பாலும் ஏவலில்தான் வெறுமனே நிற்கும்; மற்ற இடங்களில் 'அடித்தான்', 'அடிக்க' என்று விகுதி வந்து காட்டிக்கொடுத்துவிடும். சிதம்பரம் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர் வீதிகளைப் பற்றிப் பேசும்போது 'முதல் சுற்று', 'வீதியைச் சுற்றினான்', 'கோயிலைச் சுற்றி' என்று மூன்று வடிவம் சொல்கிறோம். ஆங்கிலத்தின் 'ரவுண்ட்' பெயராகவும் வினையாகவும் முன்னிடைச்சொல்லாகவும் வரும். 'வட்டமான' என்ற பெயரடையும் அதுவே. பழைய ஆங்கிலமும் நம்மைப் போலத்தான் இருந்தது. காதலுக்கு 'லுஃபு', காதலிக்க 'லுஃபியன்'. நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்துபோக, இரண்டும் 'லவ்' ஆகிவிட்டன. ஈறு போன பிறகு, சொல் நிற்கும் இடமே அதன் வேலையைச் சொல்கிறது.

அப்படியானால் எந்தச் சொல்லையும் எதுவாகவும் போடலாமா? முடியாது. 'அரைவ்' என்ற வினையை அப்படியே பெயராக்க வழியில்லை. அதற்கு 'அரைவல்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'நெஸ்', 'மென்ட்', 'ஷன்' என்று முடிபவை பெரும்பாலும் பெயரே, ஆனாலும் 'மென்ஷன்' வினையாகவும் வரும். எனவே அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாமல், எந்தெந்த வகை தரப்பட்டிருக்கிறது என்று கடைசிவரை பார்ப்பது நல்லது. வகைக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பழகினால் போதும், பட்டியல் வேண்டாம். எழுத்து மாறாமல் உச்சரிப்பு மாறும் சொற்களை மட்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்: பஸ் உரிமையாளர் வாங்கும் 'பர்மிட்'டில் அழுத்தம் முதல் அசையில் விழும், 'அனுமதி' என்று சொல்லும் வினையில் அது இரண்டாம் அசைக்குப் போய்விடும். தமிழில் நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகியவர்கள் என்பதால், இதைக் காதுதான் கற்றுக்கொள்ள வேண்டும்.