மழைநீர்த் தொட்டி: செலவுக்குத் தக்க பயன் உண்டா?

திருவொற்றியூரில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் நம் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். "நிலத்தின் அடியில் நாற்பதாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி கட்டி மழைநீரைச் சேர்த்து வைக்கலாம் என்கிறார் கொத்தனார். செலவோ பெரிது. லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் கொடுக்கும் பணத்தில் தொட்டியே கட்டிவிடலாமே என்கிறாள் என் மகள். என்ன செய்வது?" வடசென்னையில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரிய வினா இது. ஆதலின் சற்றே விரிவாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று முதல் அச்சொல் நம் நாவில் பழகிவிட்டது. ஆனால் அந்த ஒரே சொல்லால் இருவேறு செயல்களைக் குறித்து வருகிறோம். நீரைத் தொட்டியில் தேக்கி எடுத்துப் பயன்படுத்துவது ஒன்று. கிணற்றுக்குள்ளோ மணலுக்குள்ளோ விட்டு நிலத்துக்குக் கொடுப்பது மற்றொன்று. இரண்டின் செலவும் வேறு, பயனும் வேறு.

நம் முன்னோர் தவமியற்றிய குன்றுகளில் சுனைகள் உண்டு. சித்தன்னவாசலின் நவச்சுனையைக் கண்டோர் அறிவர். அங்கே பாறையே தொட்டி, இயற்கையே கொத்தனார். நமக்கோ ஒவ்வொரு செங்கல்லுக்கும் கூலி உண்டு. எனவே கணக்கு வேண்டியதாயிற்று.

சென்னையில் ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர், அதாவது 55 அங்குல மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. 600 சதுர அடி மொட்டைமாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் 50 கன அடி நீர். அதாவது 1,415 லிட்டர். சிதறுவதும் தளம் உறிஞ்சுவதும் போக எண்பது விழுக்காடு கைக்கு வரும் என்று கொண்டால் 1,130 லிட்டர். ஆண்டு முழுவதற்கும் 62,000 லிட்டர் ஆகிறது. கேட்பதற்குப் பெருந்தொகை. ஆனால் ஐவர் கொண்ட குடும்பம் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் சேர்த்து நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவிடுமாயின், அவ்வளவும் நான்கு திங்களில் தீர்ந்துவிடும்.

இனி விலையைப் பார்ப்போம். கீழே தரும் தொகைகள் கணக்கின் பொருட்டுக் கொண்டவை. அவ்விடத்தில் தத்தம் ஊர் விலையை இட்டுக்கொள்க. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி 1,500 ரூபாய் எனக் கொண்டால், ஒரு லிட்டர் பன்னிரண்டரைக் காசு. இருபது லிட்டர் கேன் 40 ரூபாய் எனக் கொண்டால், ஒரு லிட்டர் இரண்டு ரூபாய். இரண்டும் தண்ணீர்தான், ஆயினும் ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் பதினாறு மடங்கு. இந்த வேறுபாட்டில்தான் நம் அன்பரின் வினாவுக்கு விடை இருக்கிறது.

கொத்தனார் சொன்ன நாற்பதாயிரம் லிட்டர்த் தொட்டிக்கு நான்கு இலட்சம் ரூபாய் ஆகும் என்று கொள்வோம். அது பெரும்பாலும் லாரித் தண்ணீருக்கு மாற்று. ஒருமுறை நிரம்பினால் மிச்சமாவது 5,000 ரூபாய். ஆண்டுக்கு இருமுறை நிரம்பியதாகவே வைத்துக்கொண்டாலும் போட்ட முதல் திரும்ப நாற்பது ஆண்டுகள் ஆகும்.

சிறு தொட்டியின் கணக்கு வேறு. குடிப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு கேன், அதாவது 20 லிட்டர் போதும் என்னும் குடும்பத்துக்குச் சனவரி முதல் சூலை நடுவரை 195 நாள்களுக்கு 3,900 லிட்டர் வேண்டும். இரண்டாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு போதுமானவை. மூன்றரை அங்குல மழையில், அஃதாவது ஒரு புயல் நாளில், அவை நிரம்பிவிடும். ஆடி ஆவணி மழையில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். குழாய், வடிகட்டி, மேடை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் ஆனாலும், கேனுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பதினாலாயிரத்துச் சொச்சத்தால் மூன்றாண்டுகளில் முதல் திரும்பிவிடும்.

ஆயினும் இக்கணக்கு, கூரையில் விழும் நீர் குடிக்கத் தக்கது என்னும் அடிப்படையில் நிற்பது. நம் பகுதியில் அதனை எளிதாக ஏற்றுக்கொள்ள இயலாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நீதிமன்ற ஆணையால் 2011இல் நின்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறிற்று. இராயபுரத்து மாடிகளுக்கு அது நன்மை. எண்ணூர், மணலிப் பக்கமோ அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் இன்னும் இருக்கின்றன. நீரை வடிகட்டி அருந்தும் வழக்கம் நம் இல்லங்களில் வழிவழியாக வருவது. அந்தத் துணி தூசையும் சிற்றுயிரையும் தடுக்கும்; கரைந்த நஞ்சைத் தடுக்காது. கொதிக்க வைத்தாலும் உலோகம் ஆவியாகிப் போவதில்லை. ஆதலின் தொட்டி வாங்குமுன் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, மாடி நீரைச் சுத்தமான கலத்தில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. கிருமி உண்டா என்பதை மட்டுமன்றி, ஈயம் முதலிய உலோகங்களும் எண்ணெய்ப் பொருளும் உண்டா என்றும் கேட்கவேண்டும். முடிவு தகாததாயின், அந்நீர் துவைக்கவும் கழுவவுமே ஆகும். அதன் மதிப்பு லாரித் தண்ணீரின் மதிப்பாகிவிடும். அப்போது சிறு தொட்டியும் வேண்டாம்.

சிறு தொட்டி நிரம்பிய பின் வழியும் பெருநீரை என்ன செய்வது? இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடலோரம் மணற்பாங்கு. அந்த மணலில் நன்னீர், கனம் மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி உயர்ந்தால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் தாங்கும் என்பது நிலநீர் இயல் கூறும் கணக்கு. மறுதலையாக, இறைத்துக்கொண்டே போனால் உப்பு ஏறும். மீஞ்சூர்ப் பகுதியில் மிகுதியாக இறைத்ததனால் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்துவிட்டதை நாம் அறிவோம். ஆகவே பழைய உறைகிணறு உள்ள வீட்டார் அதனைத் தூர்த்துவிட வேண்டா. மாடிக் குழாயை மணல், சரளைக்கல் இட்ட சிறு வடிகட்டித் தொட்டி வழியாக அக்கிணற்றில் விடுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயன் சிறிது. தெருவே செய்தால் கிணற்று நீரின் கரிப்புக் குறையும்.

இதற்கும் விலக்கு உண்டு. தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடிக் குழாய்க் கசிவால் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. அத்தகைய நிலத்துக்குள் நன்னீரை விட்டு மீண்டும் எடுப்பதில் பொருளில்லை. நிலம் கெட்ட இடத்தில் தொட்டி ஒன்றே வழி. அங்கே செலவு சற்று மிகினும் பொறுத்துக்கொள்ளலாம்.

நிலவறைத் தொட்டியை நாம் விரும்பாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தெருமட்டத்துக்குக் கீழ் வாய் திறந்த தொட்டி எதுவாயினும் அன்று பாழாகியிருக்கும். மேடைமேல் நிற்கும் தொட்டிக்கு அந்த அச்சம் குறைவு.

தொட்டி வைப்போர் இரண்டைக் கவனிக்க. பருவத்தின் முதல் மழையையும், பின்னர் ஒவ்வொரு மழையின் முதற் கால்மணி நேர நீரையும் தனிக் குழாயால் வெளியே விடுக. கூரையின் அழுக்கெல்லாம் அதில்தான் வரும். அடுத்து, மூடியையும் வழிவாய்க் குழாயையும் நுண்ணிய நைலான் வலையால் கட்டுக. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில்தான் முட்டையிடுகிறது. முட்டையிட்டபின் மருந்து ஊற்றிப் புழுக்களைக் கொல்லும் நிலைக்கு நம்மை நாமே தள்ளிக்கொள்வானேன்? வலையின் விலை மிகச் சிறிது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அத்தகைய ஆண்டில் லாரியின் விலையும் கேனின் விலையும் நாம் மேலே இட்ட அளவில் நில்லா; பணம் கொடுத்தாலும் லாரி வாராது. நாலாயிரம் லிட்டர் குடிநீர் வீட்டில் இருப்பதன் மதிப்பை அன்று எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த வகையில் அன்பரின் மகள் சொன்னதிலும் உண்மை உண்டு.

அன்பர் நிலவறைத் தொட்டியைக் கைவிட்டார். பழைய கிணற்றைத் தூர் வாருவதற்கு ஆள் சொல்லியிருக்கிறார். தொட்டிகளுக்கு மேடை மட்டும் இப்போது எழும்புகிறது. தொட்டி வாங்குவது ஐப்பசி மழை நீரின் பரிசோதனை முடிவு வந்த பிறகு.