வெட்டும் முன் தையுங்கள்

கேள்வி: பஞ்சு வைத்த துணிப்பையை பேட்டர்ன் பார்த்து முதன்முறையாகத் தைக்கிறேன். சரியான அளவில் வெட்டிய துண்டுகள், கோட்டுத் தையல் போட்டதும் சிறுத்துவிடுகின்றன. ஏன்?
– வாசகி, நாட்றாம்பாளையம்

பதில்: வெட்டும் வரிசைதான் மாறிவிட்டது. மேல்துணி, பஞ்சு, உள்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு கோடும் துணியைச் சற்று உள்ளே இழுக்கும். ஆகவே, பேட்டர்னைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கோடுகளைத் தைத்து முடித்த பிறகு, பேட்டர்னை அதன்மேல் வைத்துச் சரியான அளவுக்கு வெட்டுங்கள்.

பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். தைத்தபின் பை சுருங்காது. அடுக்குகளை நீளத் தையலால் தற்காலிகமாக இணைத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தையுங்கள். பதினான்காம் எண் ஊசியும் 3 மில்லிமீட்டர் தையல் நீளமும் பொருந்தும். பக்கங்களை இணைத்ததும், தையலுக்கு வெளியே நிற்கும் பஞ்சை மட்டும் கத்தரித்தால் மூலைகள் தடிக்காது.

நம் பக்கத்து கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், சித்தி சமூகப் பெண்கள் பழைய துணிகளை அடுக்கி ‘கவந்தி’ போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவார்கள். கையால் தைப்பதால் சுருக்கத்தை விரலாலேயே நீவிவிட முடிகிறது. மெஷினில் அந்த வசதி இல்லை; அதனால்தான் நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதல் பைக்குப் பழைய சேலையே போதும். தயங்காமல் தையுங்கள்.