கேரவன் கூரையில் குளிர்சாதனம்

கேள்வி: வாகமண் செல்ல எங்கள் கேரவனை ஆயத்தம் செய்கிறோம். கூரை ஏ.சி. காற்று வீசுகிறதே தவிர, குளிர்வதில்லை. கேஸ் தீர்ந்துவிட்டதா?
– ஒரு வாசகர், பெருமாட்டி

பதில்: கேஸின்மேல் பழி சுமத்துமுன், வீட்டிலிருந்து மெல்லிய நீள ஒயரில் மின்சாரம் இழுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 230 வோல்ட் வேண்டிய கம்ப்ரஸர், 190க்கு இறங்கிய மின்னழுத்தத்தில் ‘உம்’மென்று முனகிவிட்டு, சில விநாடிகளில் ‘டிக்’கென்று ஓய்ந்துவிட, விசிறி மாத்திரம் யாதொன்றும் அறியாததுபோல் சுழன்றுகொண்டிருக்கும். மின்னழுத்தம் சரியாயிருந்தும் அம்முனகல் கேட்குமாயின், கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அணைத்த பின்னும் அதில் மின்சாரம் தங்குமாதலால், மெக்கானிக்கே தொடட்டும். உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரியிறைக்கும் புழுதி கண்டென்ஸரை அடைப்பதும், அழுக்கேறிய ஃபில்டரால் உள்ளே காயிலில் பனி படர்வதும் சகஜம். (சுமார் 1,100 மீட்டர் உயர வாகமணில் ஏ.சி. எதற்கென்பது வேறு விஷயம்!) கேஸைப் பொறுத்தவரை, இத்தகைய கூரை ஏ.சி.கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு வருவதால், கேஸ் நிரப்பும் வால்வே அவற்றில் இராது.