அந்த சலூனும் நம் காபி கிளப்பும்

சலூன் என்றால் மயிலாப்பூரில் முடிவெட்டும் கடை. ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சலூனும் தெரியும்: ஆடும் அரைக்கதவு, ஒரே மடக்கில் விஸ்கி, அடுத்த நிமிஷம் துப்பாக்கி. அங்கே யாரும் எதையாவது மென்றதாக எனக்கு நினைவில்லை.

நிஜத்தில் நன்றாகவே மென்றிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல அமெரிக்க சலூன்களில் ஒரு கிளாஸ் வாங்கினால் சாப்பாடு இலவசம். பன்றித் தொடைக்கறி, சீஸ், உப்பில் ஊறிய மீன், ஊறுகாய். 1889-ல் இந்தியாவிலிருந்து கிளம்பி சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கிய ரட்யார்ட் கிப்ளிங், நாளைக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாக அங்கே வயிறார உண்ணலாம் என்று கணக்குப் போட்டு எழுதினார். அன்னதானம் என்று நினைத்துவிட வேண்டாம். தட்டில் முக்கால்வாசி உப்புப் பண்டம்; தாகத்துக்கு அடுத்த கிளாஸ், அதற்குக் காசு. நம் டாஸ்மாக் பார் சுண்டலுக்கும் இதே சூத்திரம்தான்.

ஆண்கள் கூடி, குடித்து, ஊர் வம்பு பேசுகிற இடம் என்று பார்த்தால் இங்கே அந்த வேலையைச் செய்தது காபி கிளப். அதைப் பற்றியும் கட்டுக்கதைகளுக்குக் குறைவில்லை.

“மதுவிலக்கு வந்ததால்தான் காபி ஓட்டல் பெருகியது.” சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-ல். ராயப்பேட்டையில் கிருஷ்ண ராவின் உட்லண்ட்ஸ் ஓட்டல் 1938-லேயே வந்தாயிற்று. காபி கிளப்புகள் அதற்கும் மூத்தவை.

“காபி நம் பாட்டி காலத்துப் பாரம்பரியம்.” எந்தப் பாட்டி? கொள்ளுப்பாட்டிக்குக் காலையில் நீராகாரம். காபி வீட்டுக்குள் நுழைந்தபோது, கள்ளைத் திட்டிய அதே வாயால் அதையும் திட்டிய பெரியவர்கள் உண்டு.

“கறுப்பாக, கெட்டியாக இருந்தால் ஸ்ட்ராங் காபி.” இதை நானும் வெகுகாலம் நம்பினேன். மாட வீதிப் பக்கம் காபிப்பொடி அரைக்கும் கடையில் போய் நின்றால், கொட்டை பீபெரியா பிளான்டேஷனா என்பதற்கு அடுத்து வரும் கேள்வி, “சிக்கரி எவ்வளவு சார்?” பலரும் சொல்வது எண்பதுக்கு இருபது. அந்த இருபது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. நிறமும் கெட்டியும் ஒரு கசப்பும் அதில் உண்டு, காஃபீன் துளியும் கிடையாது. ஆக, சிக்கரி ஏற ஏற டிகாக்‌ஷன் கறுக்கும், காபியின் வீரியம் குறையும். அதற்காக சிக்கரியைக் கலப்படம் என்பதும் தப்பு. 49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இருபது இல்லாமல் இறங்காது.

“காசு இருந்தால் யாரும் போய் உட்காரலாம்.” இதுதான் பெரிய கதை. அமெரிக்காவில் சீனர்களுக்கும் கறுப்பர்களுக்கும் பல சலூன்களில் இடமில்லை. இங்கே ஓட்டல் போர்டே ஜாதி பேசியது. உள்ளே உட்காரும் இடமும் ஜாதிக்கொன்றாக இருந்த ஓட்டல்கள் உண்டு. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில், போர்டிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரே சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதானார்கள், மறுபடி வந்தார்கள். கடைசியில் அந்தச் சொல் போர்டிலிருந்து இறங்கியது.