காக்கா ஆழிக்கு எந்த ஊர்?

நம்பிக்கை: எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றை மூடிக் கிடக்கும் காக்கா ஆழி என்னும் சிப்பி, நம் பச்சை ஆழியே கறுத்துப்போன வகை.

உண்மை: இல்லவே இல்லை. இது மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. பூர்வீகம் நடு, தென் அமெரிக்கக் கரைகள். கறுப்பு, பழுப்பு, பச்சை என்று ஓட்டின் நிறம் மாறுவதால் கண் ஏமாறுகிறது. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஓட்டோடு டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு இதை இனங்கண்டார்கள். மறு ஆண்டு கொச்சிக் காயலில் பதிவானது. எண்ணூர், பழவேற்காட்டு மீனவர்களுக்கோ இது நம்மூர் ஆழி இல்லை என்பது கைப்பழக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மஞ்ச மட்டியும் வழுக்கு மட்டியும் இருந்த சேற்றில் இது பாய்போல் படர்ந்துவிட்டால் இறாலுக்குப் புதைய இடமில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பே போகிறது. ஆய்வுக்கூடம் அவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை: டி.என்.ஏ. பார்த்தால் ஒளிந்திருந்த இனங்கள் வெளிவரும், எண்ணிக்கை கூடும்.

உண்மை: குறையவும் செய்யும். தென்கோடிப் பாறைகளில் வளரும் பழுப்பு ஆழியை 1976இல் குரியகோஸ், நாயர் இருவரும் ‘பெர்னா இண்டிகா’ என்று தனி இனமாக விவரித்தார்கள். 2016இல் வெளியான ஆய்வு டி.என்.ஏ. உள்ளிட்ட சான்றுகளைச் சேர்த்துப் பார்த்து, அது ஓமன் பக்கத்திலிருந்து நூறாண்டுக்கும் முன்னே வந்த பெர்னா பெர்னாதான் என்றது. கலிபோர்னியாவில் நேர்மாறு: மத்தியதரைக்கடல் ஆழி உள்ளூர் ஆழியின் இடத்தைப் பிடித்ததே, இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால், நெடுங்காலம் தெரியவில்லை.

நம்பிக்கை: டி.என்.ஏ. சொன்னால் மறுபேச்சில்லை.

உண்மை: ஆழி விஷயத்தில் கவனம் தேவை. இனங்காணப் பெரும்பாலும் படிக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டு, சுமார் 650 எழுத்து. நமக்கு அது தாய்வழி மட்டுமே வரும். பல ஆழி இனங்களில் ஆணின் விந்தகத்தில் தந்தைவழி மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. காக்கா ஆழியிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. தாய்வழி, தந்தைவழி டி.என்.ஏ. வரிசைகள் வெகுவாக வேறுபடும். விவரம் அறியாமல் ஒப்பிட்டால், ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரு இனங்களாகிவிடும். ஆகவே உட்கரு மரபணுவையும் ஓட்டின் உள்ளமைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பெயர் எதுவானால் என்ன, வாரிப் போட்டால் தீர்ந்தது.

உண்மை: வாரத்தான் வேண்டும். ஆனால் லார்வாக்கள் நீரில் மிதப்பவை. கப்பல்கள் எடைக்காக ஏற்றி இறக்கும் நீரில் கடல் கடப்பவை. லார்வாவைப் பார்த்து இனம் சொல்வது கடினம். நீரில் கரைந்த டி.என்.ஏ. சொல்லிவிடும். காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் முதல் கும்மிடிப்பூண்டி வட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரை வரை மாதந்தோறும் நீர் எடுத்துச் சோதித்து, முடிவை மீனவர் கூட்டங்களில் வைக்க வேண்டும்.